விமானக் கிளீனர்

விளம்பரம் ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் விழுப்புரம் பக்கத்தில் வந்திருந்தது. மேலே நெல் அறுவடை இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் என்ற அறிவிப்பு. கீழே மணமகள் தேவை. நடுவில் இது.

"திண்டிவனம் செம்பருந்து குழுமத்துக்குக் கார்ப்பரேட் ஜெட் விமானி தேவை. வணிக விமானி உரிமம் அவசியம். திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். சொந்த வாகனம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை."

மூன்று முறை படித்தேன். உரிமம் என்னிடம் இருந்தது. அரசு உதவித்தொகையில் பயிற்சி முடித்து, இருநூற்றுப் பத்து மணி நேரம் பறந்து வாங்கியது. வசிப்பது விழுப்புரத்தில். சொந்த வாகனம் என்றால் விமானத்தைச் சொல்கிறார்களோ என்று சந்தேகம் வந்தது. என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதையும் விண்ணப்பத்தில் எழுதினேன்.

இரண்டு வருடமாக எனக்கு வேலை இல்லை. விமான நிறுவனங்கள் அனுபவம் கேட்டன. அனுபவம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு விமான நிறுவனம் வேலை கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடமும், ஒத்துக்கொள்ள இன்னொரு வருடமும் ஆயின. அதற்குப் பிறகு ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் நடக்கும் போட்டித் தேர்வு மாலை வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் முயற்சியிலேயே ஒலக்கூர் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உதவியாளர் வேலை கிடைத்துவிட்டது. பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

விளம்பரம் வந்தது மூன்றாம் தேதி. பன்னிரண்டு நாள் இருந்தது.

"ரெண்டு வருஷமா வானத்தப் பாத்துக்கினு கெடந்தாச்சு," என்றாள் அம்மா. அம்மாவின் பெயர் சவுரியம்மாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். "பதினஞ்சாம் தேதி போய் நாக்காலில உக்காரு. அதுவரைக்கும் எங்க வேணா போய்க்கினு வா. நான் கேக்க மாட்டேன்."

மாலை வகுப்பு நடத்தும் பிரான்சிஸ் சாரிடம் கேட்டேன். அவர் இதுவரை முந்நூறு பேரை நேர்காணலுக்குத் தயார் செய்தவர். அவர் போன நேர்காணல்கள் எத்தனை என்று யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. கேள்வி கேக்கிறவன் மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கினு இருப்பான். நீ இந்தப் பக்கம். இந்தப் பக்கத்துலேருந்து கேள்வி கேட்டா வேல போச்சு. அன்னன்னிக்கு இன்னா தப்புப் பண்ணேன்னு நோட்டுல எழுதி வை."

நோட்டு ஏற்கெனவே வைத்திருந்தேன். அதில் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று மூன்று எழுதியிருந்தேன். முதலாவது: விமானம் எங்கே நிற்கிறது? சார் சொன்னதைக் கேட்டுவிட்டு மூன்றையும் அடித்தேன். ஆனால் படிக்கக்கூடிய மாதிரி மெல்லிய கோடாகத்தான் அடித்தேன்.

செம்பருந்து குழுமம் திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நான்கு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை எண்ணெயில் தொடங்கி, அரிசி ஆலை, லாரி, கல்லூரி என்று வளர்ந்தது. மொட்டை மாடியில் சிமெண்டில் ஒரு பருந்து சிறகை விரித்து நிற்கிறது. அதன் ஒரு சிறகில் கைபேசிக் கோபுரம்.

மனிதவளத் தலைவர் பாண்டுரங்கன் ஒரு பாரத்தை என் பக்கம் நகர்த்தினார். மேலே "ஓட்டுநர் பணி விண்ணப்பம், படிவம் ஏழு" என்று அச்சடித்திருந்தது.

"பைலட்டுக்குன்னு எங்ககிட்ட தனியா பாரம் இல்லம்மா. புதுப் பாரம் அடிக்கணும்னா பாரம் அடிக்கிறதுக்கு ஒரு பாரம் இருக்கு. அது தீந்துபோச்சு. எத்தன கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க?"

"இருநூத்திப் பத்து மணி நேரம் சார்."

"மணி எனக்கு வேணாம். மணிக்கணக்குல டிரைவருங்க டீக்கடையிலயும் நிப்பாங்க. கிலோமீட்டர் சொல்லுங்க."

கணக்குப் போட்டேன். சராசரி வேகத்தால் பெருக்கினால் முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் வந்தது. காற்றின் வேகத்தை எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் கொஞ்சம் குறைத்தே சொன்னேன்.

"இவ்ளோதானா. எங்க லாரிக்காரரு அஞ்சு மாசத்துல ஓட்டிருவாரு." எழுதிக்கொண்டார். "விபத்து?"

"இல்லைங்க."

"சின்னதா ஒரசுனது, இடிச்சது, பேசித் தீத்தது?"

"விமானத்துல அப்படி உரசினா பேசித் தீர்க்க ஆள் இருக்காது சார்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாருங்கம்மா. இருவது வருஷமா ஆள் எடுக்கிறேன். ஒரசாத டிரைவர நான் பாத்ததில்ல. ஒரசலைன்னு சொல்றவர வேலைக்கு வச்சதில்ல. எங்க பாலிசி, நேர்மை. அந்தக் கட்டம் வெறுமனே கெடந்தா பைல் மேல போவாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். பயிற்சிக் காலத்தில் ஒருமுறை ஓடுபாதையில் ஒரு கௌதாரி குறுக்கே ஓடியது. அது உரசவில்லை. உரசியிருக்கலாம் என்று சொன்னேன்.

"கோழி மாதிரி?"

"கோழி மாதிரிதான்."

"கோழி ஒன்று. நஷ்டஈடு இல்லை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். முகம் தெளிந்தது. "இப்ப பாத்தீங்களா, உண்மையச் சொன்னதும் எவ்ளோ லேசா இருக்குது. மனிதவளம்னா இதுதாம்மா. வர்ற மனுஷன எங்க பாரத்துல அடங்குற அளவுக்குக் கொண்டாறது. அடங்காதவங்க எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் எங்களுக்கு வளம் இல்ல."

அன்றைக்கு நோட்டில் தவறு என்று எழுதினேன்: கௌதாரி.

இரண்டாம் சுற்று எட்டாம் தேதி, செய்முறைத் தேர்வு. விமானத்தை அன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று போனேன். லாரி ஷெட்டுக்கு அனுப்பினார்கள். தேர்வாளர், ஷெட்டின் மூத்த ஓட்டுநர் தாண்டவராயன். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர் வைத்திருந்தார். ஷெட் நடுவில் எண்ணெய் டின் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று நின்றது.

"எட்டு போடணும். அப்புறம் ரிவர்ஸ்ல வந்து அந்தத் தூண்கிட்ட நிறுத்தணும்," என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

"அண்ணா, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது."

"இது கார் இல்லியேம்மா."

"இதுவும் தெரியாது. சைக்கிள்தான்."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பிளேன் ஓட்டுவியாம், குட்டியானை ஓட்ட மாட்டியாம். நான் இன்னான்னு எழுதறது? சரி ஏறு. ஏறுன வரைக்கும் எழுதறேன்."

ஏறுவதற்கு முன் நான் வண்டியைச் சுற்றி வந்தேன். விமானத்தில் ஏறும் முன் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இடது பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு பாகமாகக் கையால் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. வலது பின்சக்கரத்தில் இரண்டு நட்டு விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதையும் சொன்னேன்.

தாண்டவராயன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். ஸ்பேனரை எடுத்து இரண்டையும் முடுக்கினார்.

"காலைல இந்த வண்டி பனமலை வரைக்கும் போய் வந்துச்சு," என்றார். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். "இருவத்திரெண்டு வருஷத்துல வண்டியச் சுத்திப் பாத்துட்டு ஏறுன மொத ஆளு நீதாம்மா. மத்தவங்க எல்லாம் சாமி கும்பிட்டுட்டு ஏறுவாங்க. நானும் அப்படித்தான்."

தேர்வுத் தாளை அவரே நிரப்பினார். எட்டு போடுதல்: வானத்தில் போடுவார். பின்னால் வருதல்: விமானம் பின்னால் வராது என்று சொல்கிறார், நம்புகிறேன். தூண் அருகே நிறுத்துதல்: தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிவு: தேர்ச்சி.

மூன்றாம் சுற்று பதினோராம் தேதி, சேர்மன் சீனுவாசன் அறையில். அவர் மேசைமேல் ஒரு சின்ன வெள்ளை விமான பொம்மை இருந்தது. அதுவரை செம்பருந்து குழுமத்தில் நான் பார்த்த விமானம் அது ஒன்றுதான். அதன் மூக்கு கிழக்கே திரும்பியிருந்தது. பாண்டுரங்கன் பக்கத்தில் கோப்புடன் உட்கார்ந்திருந்தார்.

சேர்மன் நல்ல மனிதர். முதலில் டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நான் மெட்ராஸ்ல தொழிலதிபர் சங்கத்துல மெம்பரும்மா. மாசம் ஒரு மீட்டிங். போன தடவ ஒருத்தர் சொல்றாரு, 'நேத்து பறந்துக்கினு இருந்தப்ப ஒரு யோசன வந்துச்சு'ன்னு. இன்னொருத்தரு, மேல போனாத்தான் அவருக்கு நிம்மதியா தூக்கம் வருதாம். அப்புறம் எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான், டோல்கேட்டுல நாப்பது நிமிஷம் நின்னுக்கினு இருந்தேன்னு சொல்லிட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் பேசல. அன்னிக்கே முடிவு பண்ணேன். இனிமே அப்படி ஒரு நிலம எனக்கு வரக்கூடாது."

எந்த நிலைமை என்று அவர் விளக்கவில்லை. டோல்கேட்டில் நிற்பதா, உண்மையைச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கக்கூடாது என்பதால் தலையாட்டினேன்.

"போற வழியில மேல்மருவத்தூர் தாண்டி ஒரு கடையில நிறுத்தி காப்பி குடிக்கிறது என் வழக்கம். நிறுத்துவீங்களா?"

"மேலே போயிட்டா நடுவுல நிறுத்த முடியாதுங்க ஐயா."

சேர்மன் பாண்டுரங்கனைப் பார்த்தார். பாண்டுரங்கன், "நிறுத்தாது," என்று எழுதிக்கொண்டார்.

"ஹாரன்?"

"இல்லைங்க."

"அப்ப நாம வர்றது எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. சத்தம் கேட்கும் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

இதற்குமேல் மறைப்பது சரியில்லை என்று தோன்றியது. "ஐயா, ஒண்ணு சொல்லணும். ஜெட் விமானத்துல ரெண்டு விமானி இருக்கணும். இடது சீட்டுல இருக்கிறவர் ஆயிரக்கணக்கான மணி பறந்தவரா இருக்கணும். எனக்கு இருக்கிற மணிக்கு நான் வலது சீட்டுலதான் உக்கார முடியும். ரெண்டாவது ஆளா."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பாண்டுரங்கன்தான் முதலில் பேசினார்; அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டு ஆள் இல்லாம எங்க லாரி ஒண்ணு கூட ஷெட்ட விட்டுப் போனதில்ல. அந்த ரெண்டாவது ஆளுக்கு இன்னா வேல?"

"முதல் விமானி தூங்கிடாம, தப்புப் பண்ணாம பாத்துக்கணும். வெளிய பாத்துச் சொல்லணும். கிளம்பறதுக்கு முன்னால விமானத்தச் சுத்தி வந்து பாக்கணும்."

"டிரைவர் தூங்காம பாத்துக்கிறது, சைடு பாத்துச் சொல்றது, வண்டியச் சுத்தி வர்றது." விரலை மடக்கி எண்ணினார். "இதுக்கு எங்ககிட்ட பதவி இருக்கு. சாங்ஷனும் இருக்கு. கிளீனர்."

மறுத்துச் சொல்ல வாய் திறந்தேன். மூன்றில் எதை மறுப்பது என்று தெரியவில்லை.

"பேப்பர்ல கிளீனரா இருக்கட்டும். வெளிய பைலட்டு," என்றார் சேர்மன். "தோள்ல கோடு போட்ட சட்ட போடுவாங்களே, அது வேணும். எத்தன கோடு?"

"முதல் விமானிக்கு நாலு. எனக்கு ரெண்டு போதும் ஐயா."

"ரெண்டா? எனக்கு அசிங்கமில்லியா. நாலு போடச் சொல்லு."

சட்டை தைத்தவர் பஸ் நிலையம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பூமாலை. கல்லூரி பேண்டு வாத்தியக் குழுவுக்கு உடுப்பு தைத்துப் பழகியவர். துணி மீந்தது என்று ஒரு கோடு சேர்த்து ஐந்தாகப் போட்டுக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் தேதி உத்தரவு கைக்கு வந்தது. "செல்வி அமலா அவர்கள் கிளீனர் (விமானம்) பதவியில் இன்றைய தேதி முதல் நியமிக்கப்படுகிறார்." முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. வண்டி எண் என்ற இடத்தில் ஒரு சிறிய கோடு போட்டிருந்தார்கள்.

அம்மா அதை வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கிளீனரா."

"பேப்பர்லதாம்மா."

"நம்ம தெரு மண்ணாங்கட்டி எட்டாங்கிளாஸ் பெயிலாயி கிளீனர் ஆனான். நீ இத்தினி வருஷம் படிச்சுட்டு அவன்கூட சேந்துக்கினே." தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். "பிளேன பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"எங்க கீதுன்னாவது கேட்டியா?"

சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். அன்றைய பக்கத்தில் தவறு எழுத இடம் போதவில்லை.

பதினான்காம் தேதி சென்னையில் தொழிலதிபர் சங்கக் கூட்டம். காலை ஆறு மணிக்குத் திண்டிவனம் வரச் சொன்னார்கள். ஐந்து கோட்டுச் சட்டையுடன் பேருந்தில் போனேன். நடத்துனர் என்னை ஏதோ ஒரு துறை அதிகாரி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். அலுவலக வாசலில் கார் நின்றது. தாண்டவராயன் ஓட்டுநர் இருக்கையில். சேர்மன் பின்னால். எனக்கு முன் சீட்டு, இடது பக்கம். விமானம் சென்னையில் நிற்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டோல்கேட்டில் முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். மேல்மருவத்தூர் தாண்டி, வழக்கமான கடையில் சேர்மன் காப்பி குடிக்க இறங்கினார். நானும் தாண்டவராயனும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். தாண்டவராயன் மேசைக்கு அந்தப் பக்கத்து ஆள் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. மெல்லிய கோடு போட்டு அடித்திருந்த முதல் கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணா, பிளேன் எங்க நிக்குது?"

"எந்தப் பிளேன்மா?"

"நம்ம கம்பெனி பிளேன்."

அவர் காப்பி டம்ளரை மெதுவாகக் காரின் மேல் வைத்தார். "மூணு ரவுண்டு போய் வந்தியே. ஒரு தடவ கூட கேக்கலியா?"

"கேக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க."

"பிளேன் ஏதும்மா. ஐயா வெல விசாரிச்சாரு. மில்லு, காலேஜ் ரெண்டையும் குடுத்தா ஒரு றெக்க வரும்னாங்க. அப்புறம் பைலட்டு இன்னா சம்பளம்னு கேட்டாரு. அது கட்டுபடியாச்சு." டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். "நீதாம்மா பிளேன்."

காரில் ஏறினேன். ஏறும் முன் சுற்றி வந்து பார்த்தேன். பழக்கம்.

கூட்டம் விமான நிலையம் அருகே ஒரு பெரிய ஓட்டலில். வாசலில் பட்டுச்சட்டை போட்ட ஒருவர் சேர்மன் தோளில் தட்டி, "இந்த வாட்டி எப்படி வந்தீங்க, பறந்தா?" என்று கேட்டார். சேர்மன் பொய் சொல்லவில்லை. திரும்பி என்னைக் காட்டினார். "இவங்க நம்ம பைலட்டு," என்றார். அவ்வளவுதான். பட்டுச்சட்டைக்காரர் என் தோளில் இருந்த கோடுகளை எண்ணினார். இன்னொரு முறை எண்ணிவிட்டு சேர்மனுக்கு வழி விட்டார். உள்ளே போகும்போது சேர்மனின் நடை கொஞ்சம் உயரமாக இருந்தது.

என்னைத் தரைத்தளத்தில் ஒரு அறையில் உட்காரச் சொன்னார்கள். கதவைத் திறந்தேன். உள்ளே வெள்ளைச் சட்டையில் ஒன்பது விமானிகள் இருந்தார்கள். ஐந்து கோட்டைப் பார்த்ததும் ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

உட்காரச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நானே முதலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் வயதுக்காரர். கேள்வி கேட்டு ஏற்கெனவே காலையில் ஒரு வேலை போன மாதிரி ஆகியிருந்ததால் இனிப் பயமில்லை.

"நீங்க எந்த விமானம் ஓட்டறீங்க?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்களது கருப்புக் காருங்க. முன் சீட்டு. உங்களுது?"

"வெள்ளைக் கார். முன் சீட்டு."

எதிரே இருந்தவர் செருமினார். அவருடைய சேர்மன் அவரைத் தன் காரில்கூட ஏற்றுவதில்லையாம். அவர் மின்சார ரயிலில் வந்து ஓட்டல் வாசலில் சேர்ந்துகொள்ள வேண்டுமாம். மெல்ல மெல்ல எல்லாரும் சொன்னார்கள். ஒன்பதில் எட்டுப் பேருக்கு விமானம் இல்லை.

ஒன்பதாமவர் மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்தவர். பெயர் ஆனந்தராஜ். ஒரு சிமெண்ட் கம்பெனியின் விமானி. அவருக்கு மட்டும் உண்மையான விமானம் இருந்தது.

"அப்ப நீங்க ஏன் சார் இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"விமானம் ஏர்போர்ட்டுல நின்னா யாருக்கும் தெரியலம்மா. அதனால என்னக் கொண்டாந்து காட்டறாங்க." தாளை மடித்தார். "நாலு மாசமா அது பறக்கவும் இல்ல. என்கூட ரெண்டாவது ஆளா இருந்தவரு பெரிய கம்பெனிக்குப் போய்ட்டாரு. ரெண்டு பேர் இல்லாம எடுக்கக்கூடாதுன்னு சட்டம். எங்க ஆபீஸ்ல சிமெண்ட் லாரி பாரந்தான் எல்லாத்துக்கும். ரெண்டாவது சீட்டுன்னா கிளீனர்னு போட்டு வச்சிருக்காங்க. பைலட்டுங்களக் கூப்பிட்டா அந்த ஆர்டர வாங்க மாட்டேங்கறாங்க. கிளீனருங்க நெறய வர்றாங்க. பாவம், அவங்ககிட்ட லைசென்ஸ் இல்ல."

எட்டு விமானிகளும் வேறு பக்கம் பார்த்தார்கள். இந்தக் கதை அவர்கள் ஏற்கெனவே கேட்டது போலிருந்தது. நான் பையைத் திறந்தேன். உரிமத்தை எடுத்து வைத்தேன். அதன்மேல் பன்னிரண்டாம் தேதி உத்தரவை எடுத்து வைத்தேன்.

ஆனந்தராஜ் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

மறுநாள் பதினைந்தாம் தேதி. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகக் காலையிலேயே குளித்துப் புடவை கட்டித் தயாராக இருந்தேன். பதினோரு மணிக்குச் சிமெண்ட் கம்பெனியின் மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"கிளீனரா முன்னனுபவம் இருக்கா?"

"இருக்குங்க."

"லாரியா?"

"விமானத்துல."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் நின்றது. "ஆர்டர் இருக்கா?"

"முத்திரையோட இருக்கு."

"எவ்வளவு நாள்?"

"இன்னியோட நாலு நாள்."

"நாள் கேக்க மாட்டாங்க. உண்டு, இல்லன்னு ரெண்டு கட்டந்தான். உண்டுன்னு டிக் பண்ணிடறேன். நாலு மாசமா இந்தக் கட்டம் காலியாவே இருந்தது மேடம். உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

பிரான்சிஸ் சாரை நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "விமானம் எங்க நிக்குது?" என்றேன்.

"மீனம்பாக்கத்துலதான். வேற எங்க நிக்கும்?" அவர் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று மணிக்கு வந்தாள். நான் இன்னும் அதே புடவையில், கூட்டுறவுச் சங்க உத்தரவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"மறுபடியும் கிளீனரா?"

"மறுபடியும் கிளீனர்தான். ஆனா பிளேன் இருக்கும்மா."

"நீ பாத்தியா?"

"போன்ல சொன்னாரு."

அம்மா எதிரே உட்கார்ந்தாள். "மணி மூணுதான் ஆவுது. அஞ்சு வரைக்கும் யோசி. நானும் யோசிக்கிறேன்." ஒலக்கூர் பக்கம் போகும் பேருந்து மூன்றரைக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று. இரண்டும் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. இருவரும் எழுந்திருக்கவில்லை. ஐந்து அடித்ததும் அம்மா என் மடியிலிருந்த தாளை எடுத்துப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

"தெருவுல கிளீனருன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "கேட்டா நீயே சொல்லிக்க."

செம்பருந்து குழுமத்தில் விலகல் கடிதம் கொடுக்கப் போனேன். சேர்மன் ஊரில் இல்லை. பாண்டுரங்கன் விலகல் பாரத்தை எடுத்தார். விலகக் காரணம் என்ற இடத்தில், "விமானம் ஓட்டுவதற்காக," என்று எழுதியிருந்தேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஏத்துக்கிற காரணம் இல்லம்மா. பைலட் வேலைய விட்டுட்டு யாராச்சும் பிளேன் ஓட்டப் போவாங்களா? குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்க."

குடும்பச் சூழ்நிலை என்று போட்டேன். அடங்கியது.

அந்த விமானத்துக்கான தனிப் பயிற்சி மூன்று மாதம் நடந்தது. மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, திருச்சிக்கு முதல் பயணம். நான் விமானத்தைச் சுற்றி வந்து, தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி முடித்ததும் ஆனந்தராஜ் சார் ஒரு மஞ்சள் துணியை நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. டிரிப் ஷீட்டுல ஒரு கட்டம் இருக்கு. கண்ணாடி துடைக்கப்பட்டதான்னு."

துடைத்தேன். இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ். கிளீனர் கையொப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வலது இருக்கையில் உட்கார்ந்து வாரைப் பூட்டினேன்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நெடுஞ்சாலை கீழே ஒரு கோடாகத் தெரிந்தது. அதில் ஓரிடத்தில் எறும்புபோல வண்டிகள் அடைத்து நின்றன. டோல்கேட்டாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தாண்டித் திண்டிவனம். கொஞ்ச நேரத்தில் வெயில் பட்டுப் பளபளத்த ஒரு ஏரி. பனமலை ஏரி என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாததால் நோட்டில் அப்படி எழுதவில்லை.

திருச்சியில் இறங்கியதும் கைபேசியைத் திறந்தேன். தாண்டவராயன் இரண்டு முறை அழைத்திருந்தார்.

"மேல போனியாம்மா?"

"போனேன் அண்ணா. கண்ணாடி கூட துடைச்சேன். நீங்க எங்க இருந்தீங்க காலைல?"

"டோல்கேட்டுல. இன்னிக்கு மீட்டிங்காச்சே. முன் சீட்டுல புதுப் பையன உக்கார வச்சிருக்காங்க. பூமாலை அவனுக்கு ஆறு கோடு போட்டிருக்காரு."

"ஐயா எப்படி இருக்காரு?"

"நல்லாக்கீறாரு. ஒரு மணி நேரமா வண்டி நகரல. பின்னால உக்காந்து சங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லிக்கினு இருந்தாரு, இதோ பறந்து வந்துக்கினே இருக்கேன்னு."